உலகின் பெரிய ஆற்று மீன் எது? காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒரு மீன் பயணம்!

சென்னையில் பெரிய மீன் எங்கே பார்க்கலாம் என்று கேட்டால், எல்லோரும் காசிமேட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். ராயபுரத்தை ஒட்டிய இந்த மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடிவதற்குள்ளேயே ஏலம் களைகட்டிவிடும். இரண்டு பேர் தூக்கி வரும் வஞ்சிரம், தரையில் பாய் விரித்தது போலக் கிடக்கும் திருக்கை, முதுகில் விசிறி வைத்த மயில் மீன், ஐஸ் பெட்டிகளில் அடுக்கிய சூரை... ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் வைக்க இடம் இருக்காது.

கடலில் பெரிய மீன் எது என்று இங்கே கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். அம்மணி உழுவை! திமிங்கலச் சுறா என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். 12 மீட்டரைத் தாண்டியும் வளரும். ஒரு மாநகரப் பேருந்தின் நீளம். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும் சாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இதைப் பிடிப்பது குற்றம்.

சரி, ஆற்றிலும் ஏரியிலும் வாழும் மீன்களில் பெரியது எது? இதற்கு அவ்வளவு சுலபமாகப் பதில் கிடைக்காது. பதிலைத் தேடிப் போனால், காசிமேட்டிலிருந்து வடக்கே கடற்கரையோரமாகவே போய், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஏன் என்று பார்ப்போம்.

போரமி என்றால் பௌர்ணமி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படும் காலம் அது. 2022 ஜூன் 14 அன்றும் காசிமேட்டில் வழக்கமான பரபரப்பு. டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி, வலைகளைச் சரிபார்த்து, நள்ளிரவுக்காகப் படகுகள் காத்திருந்தன.

அதே நாளில் கம்போடியாவில், மீகாங் ஆற்றின் ஓரத்தில் வேறொரு பரபரப்பு. முந்தைய நாள் ஒரு மீனவரின் தூண்டிலில் ராட்சதத் திருக்கை ஒன்று சிக்கியிருந்தது. அதைக் கரைப்பக்கம் கொண்டு வரவே பத்துப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எடை 300 கிலோ. மூக்கிலிருந்து வால் நுனி வரை 3.98 மீட்டர். அகலம் 2.2 மீட்டர். உலகில் இதுவரை எடை போட்டுப் பதிவு செய்யப்பட்ட நன்னீர் மீன்களில் இதுவே பெரியது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

மீனவருக்குச் சுமார் 600 டாலர் கொடுக்கப்பட்டது. மீனின் உடலில் ஒலி அலை அனுப்பும் சிறு கருவியைப் பொருத்தி, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். அது எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. அந்த மீனுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'போரமி'. கெமர் மொழியில் முழுநிலா என்று அர்த்தம். நம் பௌர்ணமிக்கு உறவுக்காரச் சொல்தான்.

அதற்கு முன்பு சாதனை வைத்திருந்ததும் அதே மீகாங் ஆறுதான். 2005ல் வட தாய்லாந்தில் பிடிபட்ட ராட்சதக் கெளுத்தி 293 கிலோ இருந்தது. வெறும் 7 கிலோ வித்தியாசம்! அந்த மீனை உயிரோடு வைத்து இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த நினைத்தார்கள். பிழைக்கவில்லை. கடைசியில் உணவாகிப்போனது. இந்தக் கெளுத்தி இனம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2024 டிசம்பரில் கம்போடியாவில் ஒரே வாரத்துக்குள் ஆறு கெளுத்திகள் சிக்கி, ஆறும் உயிரோடு விடுவிக்கப்பட்டபோது அது உலகச் செய்தியானது.

யார் பெரியவர்?

பட்டியல் போட்டால் போட்டி சுவாரஸ்யமாக இருக்கும்.

* மீகாங் ராட்சதத் திருக்கை: 300 கிலோ. எடை போட்டு உறுதி செய்யப்பட்ட சாதனை.

* மீகாங் ராட்சதக் கெளுத்தி: 293 கிலோ. பல் இல்லாத, பாசி தின்னும் மீன்.

* அரபைமா: அமேசான் ஆற்று மீன். 3 மீட்டர், 200 கிலோ வரை வளரும். செவுளை மட்டும் நம்பி வாழாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும்.

* அலிகேட்டர் கார்: முதலை போன்ற நீண்ட வாய் கொண்ட வட அமெரிக்க மீன். 2011ல் மிசிசிப்பி மாநிலத்தில் சிக்கியது 148 கிலோ.

* காவிரி யானைக்கெண்டை: நம் ஊர்ப் பெருமை. காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே வாழும் மசீர் இனம். 1946ல் கபினி ஆற்றில் பிடிபட்டது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. உலகமெங்கும் தூண்டில்காரர்கள் கொண்டாடிய இந்த மீனுக்கு 2018ல்தான் அறிவியல் பெயரே உறுதியானது. அதே ஆண்டில் 'மிகவும் அழியும் நிலையில்' என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது.

'இவ்வளவுதானா? ரஷ்யாவில் 1,500 கிலோ மீன் பிடித்ததாகப் படித்தோமே!' என்று கேட்கலாம். உண்மைதான். பெலூகா என்னும் ஸ்டர்ஜன் மீன் ஒன்று 1827ல் வோல்கா ஆற்றில் பிடிபட்டது. 1,571 கிலோ, 7.2 மீட்டர். ஆனால், பெலூகா வளர்வது காஸ்பியன், கருங்கடல் போன்ற உப்பு நீரில். முட்டையிட மட்டுமே ஆற்றுக்கு வரும். வாழ்நாள் முழுக்க நன்னீரில் இருப்பதுதான் 'நன்னீர் மீன்' என்று எல்லை போட்டால், பெலூகா போட்டியிலேயே சேராது.

எல்லையைப் போடுவது நாம்தான், மீன் இல்லை. ஆற்றில் பாதி, கடலில் பாதி என வாழும் மீனை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்தக் கேள்வியோடு வடக்கே கிளம்பினால், அடுத்த நிறுத்தம் திருவொற்றியூர்.

கொம்பு நட்டுக் கும்பிட்ட மீன்

கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவு சாலை. வலது பக்கம் கடல். அலை சாலையைத் தின்றுவிடாமல் இருக்கக் கொட்டிய பாறைகள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, திருவொற்றியூர் கடற்கரையோரமாக அமைதியாக இருக்கிறது பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகராக இருந்து, எல்லாவற்றையும் துறந்து இங்கே வந்து அடங்கினார் என்பது வரலாறு.

அந்தக் காவிரிப்பூம்பட்டினத்தின் கடற்கரையை விவரிக்கும் சங்க நூல் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குப் போகாமல் ஓய்வெடுப்பதையும், சினைச் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை வைத்து வணங்குவதையும் அது சொல்கிறது. சுறாவுக்கு ஏது கொம்பு? முகத்தில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே பெரிய இனம், ரம்பம் வைத்த வேளா. இரண்டு பக்கமும் பல் வைத்த அந்த நீளமான குருத்தெலும்புப் பட்டையைத்தான் அன்றைய பரதவர் மணலில் நட்டிருக்க வேண்டும்.

வேளா சுறா என்று சொன்னாலும், இனத்தால் அது திருக்கை. போரமிக்குத் தூரத்துச் சொந்தம். இதில் பெரும்பல் வேளா என்ற இனம் 6 மீட்டருக்கு மேல் வளரும். இங்கேதான் நம் கேள்விக்குத் திருப்பம். இதன் குட்டிகள் ஆறு கடலில் சேரும் இடங்களில் பிறந்து, ஆற்றுக்குள் ஏறி, சில ஆண்டுகள் நன்னீரிலேயே வளரும். பெரிதானதும் கடலுக்கு இறங்கும். மத்திய அமெரிக்காவின் நிகரகுவா ஏரியில் இவை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1970களில் அங்கே வணிக மீன்பிடிப்பு தொடங்கியதும் சில ஆண்டுகளிலேயே அந்தக் கூட்டம் சரிந்துபோனது.

ஆற்றில் நீந்தும் காலத்தையும் கணக்கில் சேர்த்தால், போரமியை ஓரங்கட்டிவிடும் மீன் இது. நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் நன்றாகப் பழக்கமான மீனும்கூட. இன்று? வேளா இனங்களும் அம்மணி உழுவையோடு 2001ல் பாதுகாக்கப்பட்ட பட்டியலுக்குள் வந்துவிட்டன. ஆனால், அந்த ரம்பமே அதற்கு எமன். எந்த வலையாக இருந்தாலும் பல் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் விடுபடுவது கஷ்டம். கரையிலே அபூர்வம் என்ற நிலை வந்துவிட்டது.

ஆற்றின் வாய்

எண்ணூர். இடது பக்கம் கொசஸ்தலை ஆறு, வலது பக்கம் வங்கக் கடல், நடுவே முகத்துவாரம். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று ஆற்றையும் கடலையும் நம்பிய மீனவ ஊர்கள். நிமிர்ந்து பார்த்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.

தினமும் கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் போகும். வற்றும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியே வரும். இந்த உவர்நீரில்தான் இறால் குஞ்சுகளும் நண்டும் மடவையும் வளர்கின்றன. சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, இடுப்பில் கட்டிய பறியில் போட்டுக்கொள்பவர்கள் இங்கே இன்றும் உண்டு. அவர்களிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆறு ஆழமாகவும் சுத்தமாகவும் இருந்தால்தான் அன்றைக்கு வருமானம்.

இந்த ஆற்றின் ராஜா கொடுவா. ஓட்டல்களில் சீ பாஸ் என்ற பெயரில் தட்டுக்கு வரும் அதே மீன். ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி, வங்காளத்தில் பேட்கி. 60 கிலோ வரை வளரக்கூடியது. இதன் வாழ்க்கையே ஒரு கதை. முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் பிறக்கும். குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி, உவர்நீரிலும் நன்னீரிலும் வளரும். ஆரம்பத்தில் ஆணாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். முட்டையிட மறுபடி கடல் பக்கம் இறங்கும். பெரிய கொடுவா எல்லாமே பெரும்பாலும் பெண்தான்.

பெலூகா ஆறு ஏறுகிறது. வேளா ஆறு இறங்குகிறது. கொடுவா ஏறவும் இறங்கவும் செய்கிறது. மீகாங் கெளுத்தி ஆற்றுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் போகிறது. பெரிய மீன்களில் பல, பயணம் செய்யும் மீன்கள். வழியை அடைத்தால் கதை முடிந்தது.

வழி அடைபட்டால்...

சீனாவின் யாங்சி ஆற்றில் 7 மீட்டர் வரை வளர்ந்ததாகச் சொல்லப்படும் துடுப்பு மீன் இருந்தது. 1981ல் கட்டி அடைக்கப்பட்ட கெசூபா அணை அது முட்டையிடப் போகும் பாதையை மறித்தது. 2003ல் கடைசியாகக் கண்ணில் பட்டது. 2022ல் அந்த இனமே அழிந்துவிட்டதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. போரமியை உலகம் கொண்டாடிய அதே ஆண்டு!

இது ஒரு மீனின் கதை மட்டும் இல்லை. 30 கிலோவும் அதற்கு மேலும் வளரும் நன்னீர் உயிரினங்களின் எண்ணிக்கை 1970க்கும் 2012க்கும் இடையில் உலக அளவில் 88 சதவிகிதம் குறைந்துவிட்டதாக 2019ல் வெளியான ஆய்வு சொன்னது. அவற்றில் மீன்களை மட்டும் எடுத்தால் 94 சதவிகிதம்.

கொசஸ்தலை ஆறு யாங்சி இல்லைதான். ஆனாலும் இதன் கதை வேறு மாதிரி இல்லை. மேலே பூண்டியில் 1944ல் முடிந்த நீர்த்தேக்கம் சென்னையின் தாகத்தைத் தீர்க்கிறது. கீழே தாமரைப்பாக்கத்திலும் வல்லூரிலும் அணைக்கட்டுகள். நகரத்துக்கும் வயலுக்கும் இவை தேவை என்பதில் சந்தேகமில்லை. அதே நேரம், கடலிலிருந்து ஏறும் மீன் வல்லூர் சுவரில் முட்டி நின்றுவிடும். ஆற்றில் எஞ்சியிருக்கும் திறந்த பாதை, வல்லூருக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கொஞ்ச தூரம்தான்.

அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் கழிவுக் குழாய்களில் கசிந்த சாம்பல் ஆற்றில் படிந்து, ஆழம் குறைந்தது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெயைத் தன்னார்வலர்கள் வாளியில் அள்ளிய காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தை நிறைத்தது. படகு, வலை, கூழைக்கடாவின் இறகு எல்லாவற்றிலும் கறுப்பு. மீன் பிடித்தாலும் வாங்க ஆள் இல்லை என்று வாரக்கணக்கில் குப்பங்கள் தவித்தன.

இன்னொரு விருந்தாளியும் வந்து சேர்ந்தது. மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் தென் அமெரிக்க மட்டி. கப்பல்கள் எடை சமன் செய்ய நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரில் இந்த வகை உயிர்கள் பயணம் செய்வது வழக்கம். ஆற்றுப் படுகையில் போர்வை மாதிரிப் படர்ந்துவிட்டது. இறால் புதைந்து வாழும் சேற்றை இது மூடிவிட்டால், கையால் துழாவுபவருக்கு என்ன கிடைக்கும்? விரலில் வெட்டுக்காயம்தான் கிடைக்கும்.

கண்ணாடித் தொட்டியில் ராட்சதர்கள்

வடசென்னையில் ஆற்று ராட்சதர்களை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எண்ணூரில் இல்லை, கொளத்தூரில்! நாடு முழுக்க வண்ணமீன் அனுப்பும் இந்தப் பகுதியின் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பிரச்னை வண்ணமீன்களால் இல்லை. விரல் நீளத்தில் அழகாக இருந்து, பிறகு ஆளுயரம் வளரும் சில இனங்களால்தான்.

அரபைமாவும் அலிகேட்டர் காரும் இந்திய வண்ணமீன் சந்தையில் குஞ்சாக விற்பனையானவை. தொட்டி போதாமல் போனதும், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று ஏரியில் விட்டுவிடுகிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவின் சாலக்குடி ஆற்றில் இவை இரண்டும் வலையில் சிக்கின. 2023ல் போபால் ஏரியிலும், காஷ்மீரின் தால் ஏரியிலும் அலிகேட்டர் கார் கிடைத்தது. உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கும் இவற்றை நீர்நிலையில் விடுவது புண்ணியம் இல்லை. வீட்டில் மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் பிள்ளைகளோடு கடைக்குப் போகும்போது, 'இது எவ்வளவு பெரிதாக வளரும்?' என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

எண்ணிப் பார்த்துப் பிடித்தவர்கள்

அதே அரபைமாவின் சொந்த ஊரில் நடந்தது நல்ல செய்தி. பிரேசிலின் மமிராவா காப்புப் பகுதியில், இந்த மீன் கிட்டத்தட்டத் தீர்ந்துபோன நிலை. காற்றை விழுங்க மேலே வரும்போது அதைக் கண்ணாலும் காதாலும் எண்ணிவிட முடியும் என்று அனுபவ மீனவர்களுக்குத் தெரியும். 1990களின் கடைசியில் ஆய்வாளர்கள் அந்தத் திறமையையே கணக்கெடுப்பு முறையாக்கினார்கள். எண்ணியதில் ஒரு பங்கு மட்டும் பிடிக்கலாம், மீதி ஆற்றுக்கு. காவலும் மீனவர்களே. மீன் பல மடங்கு பெருகியது.

நமக்கு இது புதிதும் இல்லை. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை காலம் காலமாக இருக்கிறது. ஆற்றைத் தெரிந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சாம்பலை அள்ளச் சொல்லியும், முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லியும், ஆற்றுப் பரப்பில் கட்டுமானம் வேண்டாமென்றும் எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவதும் இதைத்தான்: வழியைத் திறந்து வையுங்கள்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள், விம்கோ நகர் வரை மெட்ரோவில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஏறினால் எண்ணூர் நிலையத்திலேயே இறங்கலாம். காலையில் காசிமேடு ஏலம், வழியில் பட்டினத்தார் சமாதி, பிறகு முகத்துவாரம் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். முகத்துவாரத்தில் நிற்கும்போது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். கடலிலிருந்து உள்ளே ஓடினால், அந்த நேரத்தில் விரல் நீளக் கொடுவாக் குஞ்சுகளும் அதோடு ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். அதில் ஒன்று 60 கிலோ ஆகுமா என்பது, அதற்கு முன்னால் எவ்வளவு ஆறு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.